ஜப்பானில் நான்கு பேர் கொண்ட குடும்பம் தங்க: விலையும் இடமும் ஒத்துவரும் விடுதியை எப்படித் தேடுவது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடை விடுமுறையில் ஜப்பான் செல்லலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், என் கணவர், ஒன்பது வயது மகன், அறுபத்தெட்டு வயதாகும் என் மாமியார் என நான்கு பேர் செல்கிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக நடந்துவிடுவார்; படி ஏறி இறங்குவதுதான் சிரமம். நால்வரும் சைவம். டோக்கியோவில் பாதி நாட்களும் கியோட்டோ, ஒசாகா பக்கம் மீதி நாட்களுமாகப் பத்து இரவுகள் அளவில் திட்டமிட்டிருக்கிறோம்.

தங்குமிடத்துக்கு ஓர் இரவுக்கு நால்வருக்கும் சேர்த்து 25,000 யென் வரை, அதாவது நம் பணத்தில் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் ரூபாய் வரை, செலவிட முடியும். முன்பதிவுத் தளங்களில் தேடினால் கணக்கில்லாத விடுதிகள் வருகின்றன. ஆனால் எந்தப் பகுதி எங்களுக்கு ஒத்துவரும் என்பது புரியவில்லை. ஷின்ஜுகு என்கிறார் ஒருவர், அசாகுசா என்கிறார் இன்னொருவர். நால்வருக்கு ஒரே அறை என்று கேட்டால் பெரும்பாலான விடுதிகள் பட்டியலிலேயே வருவதில்லை. சென்று வந்தவர்களும் அங்கேயே வசிப்பவர்களும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

டோக்கியோவாசி:

வணக்கம் சகோதரி. பகுதியின் பெயரை வைத்துத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள். டோக்கியோவுக்கு ஒரே ஒரு மையம் கிடையாது. நீங்கள் பார்க்கப்போகும் இடங்கள் நான்கு திசைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே ரயில் தடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அந்தத் தடத்தில் எந்த நிலையம், அந்த நிலையத்தின் எந்த வாயிலில் மின்தூக்கி இருக்கிறது, அந்த வாயிலிலிருந்து விடுதிக்கு எவ்வளவு நடை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விலையை ஒப்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது அசாகுசா சுரங்க ரயில் தடம். இத்தடத்து வண்டிகளில் பல, ஒரு பக்கம் கெய்கியூ நிறுவனத்தின் பாதை வழியே ஹனேடா விமான நிலையத்துக்கும், மறுபக்கம் கெய்செய் நிறுவனத்தின் பாதை வழியே நரிட்டாவுக்கும் நேராகவே செல்கின்றன. எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் பெட்டிகளோடு வண்டி மாறி ஏற வேண்டியதில்லை. வண்டியின் முகப்பில் உள்ள சேருமிடத்தை மட்டும் பார்த்து ஏற வேண்டும். அசாகுசா, குராமாயே, அசாகுசாபாஷி, ஹிகாஷி நிஹொன்பாஷி ஆகிய நிலையங்களைச் சுற்றி நடுத்தர விலையில் விடுதிகள் ஏராளமாக உள்ளன. ஷின்ஜுகு, ஷிபுயா, கின்சா ஆகியவற்றோடு ஒப்பிட்டால் வாடகை பொதுவாகக் குறைவு.

உங்கள் மாமியாரை நினைத்து இன்னொரு காரணத்தையும் சொல்கிறேன். சுமிதா ஆற்றை ஒட்டிய கிழக்குப் பகுதி முழுவதும் தாழ்வான சமதளம். மேற்குப் பகுதியோ மேடும் பள்ளமுமானது. ஷிபுயா நிலையம் ஒரு பள்ளத்தாக்கின் அடியில்தான் இருக்கிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம்தான். தினமும் காலையும் மாலையும் நடக்கப்போகும் அந்த ஐந்து நிமிடத் தெரு சமமாக இருப்பது, முழங்கால் வலி உள்ளவருக்கு எந்த நட்சத்திரத் தகுதியையும்விட முக்கியம்.

வரைபடத்தில் ஏமாற வேண்டாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: குராமாயே என்ற பெயரில் அசாகுசா தடத்துக்கு ஒரு நிலையமும் ஒயெதோ தடத்துக்கு ஒரு நிலையமும் உள்ளன. பெயர் ஒன்றுதான், ஆனால் சுரங்கத்துக்குள் இணைப்பு இல்லை. மேலே தெருவுக்கு வந்து சில நிமிடங்கள் நடந்து மறுபடி கீழே இறங்க வேண்டும். "இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையம் அருகில்" என்று விடுதி விளம்பரம் சொல்வது உண்மைதான் என்றாலும், பெட்டியோடு வருபவருக்கு அது பாதி உண்மைதான்.

நடைநேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்நாட்டு வீட்டுமனை விளம்பரங்களில் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிடுவது விதி. விடுதிகள் சொல்லும் நிமிடங்களும் ஏறத்தாழ அந்தக் கணக்கில்தான் இருக்கும். சாலைச் சிக்னலில் நிற்பதும், நடைமேடையிலிருந்து வாயிலுக்கு வருவதும் அதில் சேராது. ஆறு நிமிடம் என்று போட்டிருந்தால் உங்கள் மாமியாரோடு பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் மின்தூக்கி உள்ள வாயில் எது என்பதைச் சுரங்க ரயில் நிறுவனத்தின் தளத்திலுள்ள நிலைய வரைபடத்தில் பார்த்து, அந்த வாயிலிலிருந்து நீங்களே தூரத்தை அளந்து பாருங்கள்.

இரண்டாவது தெரிவாக உவேனோவைச் சொல்வேன். நரிட்டாவிலிருந்து வரும் ஸ்கைலைனர் விரைவு ரயில் நிற்கும் இடம். யமனோடே வட்டத் தடமும் கின்சா சுரங்கத் தடமும் அங்கே உள்ளன. ஆசியாவிலேயே பழைய சுரங்கப் பாதைகளில் ஒன்றான கின்சா தடம் 1927இல் முதலில் ஓடியதே உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையில்தான். ஷின்ஜுகு வேண்டாம். இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ள நிலையத்தில் களைத்துப்போன குழந்தையோடும் பெரியவரோடும் சரியான வாயிலைத் தேடுவது விடுமுறைக்கு உரிய வேலை அல்ல.

கடல்கடந்தவன்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மேலே நண்பர் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தேதியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் விலையில் பாதியைத் தீர்மானிப்பது அதுதான். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் களைகட்டும்போது, ஜப்பானில் கோல்டன் வீக் எனப்படும் தொடர் விடுமுறை வருகிறது. ஏப்ரல் 29இல் தொடங்கி மே 5 வரை, சில ஆண்டுகளில் 6 வரையும், நாடே ஊர்சுற்றும். அந்த வாரத்தில் அதே அறைக்கு இரண்டு மடங்கு கேட்பது சாதாரணம். அது முடிந்த மறுநாளிலிருந்து விலை சட்டென்று இறங்கிவிடும். வானிலையோ மே மாத நடுவில் அருமையாக இருக்கும், மழைக்காலம் ஜூனில்தான். ஆகவே மே 7க்குப் பிறகு செல்லுங்கள்.

வாரத்துக்குள்ளும் சனிக்கிழமை இரவுதான் விலை உச்சம். கியோட்டோவின் இரவுகள் ஞாயிறு முதல் வியாழனுக்குள் அமையும்படி பயணத்தை வரிசைப்படுத்துங்கள். சனிக்கிழமையை டோக்கியோவில் கழியுங்கள், அங்கே உயர்வு கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

அடுத்து, கியோட்டோவிலும் ஒசாகாவிலும் தனித்தனியாகத் தங்குவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. ஒசாகாவில் ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு கியோட்டோ, நாரா, கோபே மூன்றுக்கும் பகலில் போய்வரலாம். கியோட்டோவுக்கு ஜேஆர் ரயில் நிறுவனத்தின் சிறப்பு விரைவு வண்டியில் அரை மணி நேரம்தான், கட்டணமும் 600 யென் அளவில்தான். ஒசாகாவில் விடுதிகள் அதிகம், விலையும் குறைவு. ஷின் ஒசாகா, உமேதா, நம்பா, தென்னோஜி நான்கையும் மிதோசுஜி என்ற ஒரே சுரங்கத் தடம் இணைக்கிறது; அதில் எந்த நிலையம் அருகில் அறை கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை:

வணக்கம் அக்கா. வேலை காரணமாக ஜப்பானின் பிசினஸ் ஹோட்டல்களில் அடிக்கடி தங்குகிறவள் என்ற முறையில் அறையைப் பற்றிச் சொல்கிறேன். முன்பதிவு செய்யும்போது படத்தைப் பார்க்காதீர்கள், சதுர மீட்டரைப் பாருங்கள். செமி டபுள் என்று போட்டிருந்தால் 12 சதுர மீட்டர் அளவில் இருக்கும். நம் கணக்கில் 130 சதுர அடி. கட்டிலின் அகலம் 120 அல்லது 140 சென்டிமீட்டர். ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கும், மறுபக்கம் மேசைக்கும் கட்டிலுக்கும் இடையே ஓர் ஆள் செல்லும் வழி; பெரிய பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தால் குளியலறைக் கதவைத் திறக்க முடியாது. ஒருவர் தங்க இது போதும். இருவருக்கு, இரண்டு தனிக் கட்டில்கள் உள்ள டுவின் என்ற வகையில் 18 சதுர மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள்.

உங்கள் மாமியாருக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலிவான விடுதிகளில் குளியலறை என்பது ஒரே வார்ப்பாகச் செய்து பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் அறையாக இருக்கும். வாசலிலேயே ஒரு படி உயரம் இருக்கும். கவனிக்காவிட்டால் கால் இடறும். உள்ளே கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் குளியல் தொட்டியும் நெருங்கி இருக்கும். தனியாக நின்று குளிக்க இடம் இருக்காது. முழங்கால் உயரத்துக்கு மேலே எழும் தொட்டிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கித்தான் ஷவரில் குளிக்க வேண்டும். பல இடங்களில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி உண்டு, ஆனாலும் ஈரக் காலோடு வெளியே வருவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆபத்தானது. நிலையத்தில் படிக்கட்டைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அறைக்குள் தினமும் இதைத் தாண்ட வைக்கக் கூடாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் உள்ள அறையைத் தேடலாம். டோர்மி இன் போன்ற, பொதுக் குளியல் கூடம் உள்ள விடுதிகளில் இப்படிப்பட்ட அறைகள் நிறைய உண்டு. குளிக்கும் இடமும் கழிப்பறையும் தனித்தனியாக உள்ள அறை என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே தொட்டிக்கு வெளியே ஒரு சிறு முக்காலியில் உட்கார்ந்து குளிக்க இடம் இருக்கும். அல்லது சக்கர நாற்காலி செல்லும் வகையில் அமைந்த தடையற்ற அறை கேட்டு விடுதிக்கே மின்னஞ்சல் எழுதலாம்; ஒரு விடுதியில் அப்படி ஒன்றிரண்டு அறைகள்தான் இருக்கும் என்பதால் முன்கூட்டியே எழுத வேண்டும்.

நால்வருக்கு ஒரே அறை கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். மாமியாரும் பேரனும் ஒரு டுவின் அறையில், நீங்கள் இருவரும் பக்கத்து அறையில் என்று இரண்டு அறைகளாகத் தேடிப் பாருங்கள். ஜப்பானில் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு என்றே பெரும்பாலும் கணக்கிடப்படுவதால், ஒரே அறையில் நால்வர் அடைந்துகொள்வதால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு மிச்சம் ஆகாது. பெரியவர்களோடு ஒரே படுக்கையில் உறங்கும் குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்ற வசதி பல விடுதிகளில் இருக்கிறது. வயது வரம்பு ஓரிடத்தில் 6, ஓரிடத்தில் 12 என்று மாறும். எண்ணிக்கையை மறைக்காமல் நால்வர் என்றே பதிவு செய்யுங்கள். வரவேற்பில் வெளிநாட்டவர் அனைவரின் கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்ப்பார்கள்.

முக்கியமாக ஒன்று: புகை பிடிக்கும் அறைகள் இன்னும் நடைமுறையில் உள்ளன. விலை சற்றுக் குறைவாகத் தெரிந்தால் அது அப்படிப்பட்ட அறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. குளியல் தொட்டியின் சுவரைப் பற்றி நாங்கள் யாருமே யோசிக்கவில்லை, தங்கையே. தேதியையும் மே 8க்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டோம்.

இரண்டு ஐயங்கள். வாடகைக்கு விடப்படும் தனி வீடு அல்லது அடுக்ககத்தில் தங்கினால் சமையலறை இருக்கும், சைவ உணவுப் பிரச்சினை பாதி தீரும் என்று கணவர் சொல்கிறார். அது பாதுகாப்பானதா? விசா கிடைப்பதற்கு முன்பே விடுதிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

நல்லூர்வாசி:

வணக்கம். தனி வீடுகள் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜப்பானில் வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2018 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரிமையாளர் பதிவு செய்து எண் பெற வேண்டும். ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் விருந்தினரைத் தங்க வைக்கக் கூடாது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்னரே பதிவெண் இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகளை ஏர்பிஎன்பி தன் தளத்திலிருந்து நீக்கியது. முன்பதிவு செய்திருந்த பயணிகள் பலருக்குக் கடைசி நேரத்தில் இடம் இல்லாமல் போனது. எனவே வீட்டின் பக்கத்தில் பதிவெண்ணோ விடுதி உரிமத்தின் எண்ணோ போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கியோட்டோ நகரம் இன்னும் கண்டிப்பானது. குடியிருப்புப் பகுதிகளில் இத்தகைய வீடுகளை ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மட்டுமே விருந்தினருக்கு விடலாம் என்பது பொதுவான விதி. ஆகவே மே மாதத்தில் கியோட்டோவின் அமைதியான தெரு ஒன்றில் மலிவாக ஒரு வீடு தென்பட்டால், அதற்கு முறையான விடுதி உரிமம் உள்ளதா என்று உறுதிப்படுத்துங்கள். அங்குள்ள பழைய மர வீடுகள் பார்க்க மிக அழகானவை. ஆனால் படுக்கையறை பெரும்பாலும் மாடியில் இருக்கும், மரப்படி ஏணி அளவுக்குச் செங்குத்தாக இருக்கும். உங்கள் மாமியாருக்கு அது சரிவராது.

உங்கள் கணவர் விரும்பும் வசதிக்கு வேறு வழி உண்டு. சமையலறையோடு கூடிய, விடுதியாகவே உரிமம் பெற்ற அடுக்ககங்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்று நகரங்களிலும் உள்ளன. மிமாரு என்ற நிறுவனம் குடும்பங்களுக்காகவே இப்படி நடத்துகிறது. நான்கு பேர் தாராளமாகப் படுக்கும் அளவுக்கு அறைகள் இருக்கும், அடுப்பும் பாத்திரங்களும் குளிர்பதனப் பெட்டியும் இருக்கும். உங்கள் 25,000 யென்னுக்குள் எல்லா நாட்களிலும் கிடைக்காது. வார நாட்களில், பெரிய நிலையங்களிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள கட்டடங்களில் தேடினால் அதற்குப் பக்கத்தில் வரும்.

விசா விண்ணப்பத்தில் ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று நிகழ்ச்சி நிரலில் எழுத வேண்டும். அதற்காக, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விலையை விசா கைக்கு வரும்வரை தொடாதீர்கள்.

டோக்கியோவாசி:

சமையலறை பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள உணவில் மீனை வேகவைத்து எடுத்த சாறு எங்கும் கலந்திருக்கும். காய்கறி மட்டுமே போட்டதாகத் தெரியும் மிசோ சூப்பிலும் அது உண்டு. விடுதியின் இலவசக் காலை உணவில் சோறு, ரொட்டி, சாலட், பழம் இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே ஒரு மின்குக்கரும் தயிரும் அறையிலேயே கிடைத்தால் உங்கள் மாமியாருக்கு அது பெரிய நிம்மதி. பத்து இரவும் அப்படி வேண்டும் என்பதில்லை; டோக்கியோவில் இந்திய உணவகங்கள் பல இருக்கின்றன, கியோட்டோவில் சமையலறை இருந்தால் உதவும்.

டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த மென்பொருள் பணியாளர்களால் இந்தியக் குடும்பங்கள் பெருகின. மளிகைக் கடைகளும் உணவகங்களும் உண்டு. அதற்காக அங்கேயே தங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் அறிவுறுத்த மாட்டேன். அங்கிருந்து நகருக்குள் வரும் தோசாய் தடம் காலை நெரிசலுக்கு நாடு முழுவதும் பெயர்பெற்றது. ஒரு மாலை போய் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அது போதும்.

இப்போது ஒசாகாவா கியோட்டோவா என்ற கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூர் நண்பர் சொல்வது ஒருவர், இருவர் பயணத்துக்குச் சரி. இந்தக் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போகவர ஒருவருக்கு 1,200 யென், மூன்று பெரியவர்களுக்கு 3,600, மகனுக்கு அரைக் கட்டணம் 600. ஒரு நாளுக்கு 4,200 யென். மூன்று நாள் கியோட்டோ சென்றால் 12,600. வண்டியில் அரை மணி நேரம் என்றாலும், விடுதியிலிருந்து உமேதாவின் கூட்டத்தைக் கடந்து நடைமேடைக்கு வருவதையும் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வரவும் அதே.

பணத்தைவிடப் பெரியது காலை நேரம். கியோமிசு கோவில் காலை 6 மணிக்கே திறக்கிறது. ஃபுஷிமி இனாரி கோவில் இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. ஏழு மணிக்கு அங்கே இருந்தால் உங்கள் மாமியார் தம் போக்கில், யாரும் இடிக்காமல் நடக்கலாம். பத்து மணிக்கு மேல் அந்தச் சரிவுத் தெருக்களில் கூட்டத்தோடு கூட்டமாக நகரத்தான் முடியும். ஒசாகாவில் தங்கிக்கொண்டு ஏழு மணிக்கு அங்கே நிற்பது குழந்தையோடு நடக்கிற காரியம் அல்ல. இதற்காகத்தான் கியோட்டோவில் தங்க வேண்டும் என்கிறேன்.

எங்கே தங்குவது என்றால், கியோட்டோ நிலையத்தின் தெற்கு வாயிலான ஹச்சிஜோ பக்கம், அல்லது கராசுமா சுரங்கத் தடத்தில் கோஜோ, ஷிஜோ, கராசுமா ஒயிகே. நிலையத்தருகே தங்கினால் இனாரிக்கு ஜேஆர் நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம்; நாரா நகருக்கும் நேரடி வண்டி. ஊருக்குள் பேருந்துகள் பெட்டிகளாலும் பயணிகளாலும் பிதுங்கும். நால்வருக்குப் பேருந்துக்கே 810 யென் ஆகிவிடும். நகரின் நடுவில் தங்கினால், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு வாடகைக் காரே ஆயிரத்துச் சொச்சம் யென்தான். கோவிலின் அருகிலேயே இறக்கிவிடுவார்கள். முழங்காலுக்காக அந்தச் சிறு வித்தியாசத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கியோட்டோ நகரம் தங்கும் வரியை 2026 மார்ச் முதல் உயர்த்தியிருக்கிறது. ஓர் இரவுக்கு ஆளுக்கு 6,000 யென்னுக்குக் கீழ் என்றால் 200 யென், 6,000 முதல் 20,000க்குள் என்றால் 400 யென். உங்கள் 25,000ஐ நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6,250. ஆக ஓர் இரவுக்கு வரி மட்டும் 1,600 யென். அறை விலையைச் சற்றே குறைத்து, ஆளுக்கு 6,000க்குக் கீழே கொண்டுவந்தால் அது பாதியாகும். டோக்கியோவில் ஆளுக்கு 10,000 யென்னுக்குக் குறைவான அறைக்குத் தங்கும் வரி இல்லை.

கடல்கடந்தவன்:

கணக்கு சரிதான், காலை நேரத்தைப் பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் கியோட்டோவில் விலை எட்டாமல் போகும் நாட்கள் உண்டு; நவம்பர் இறுதி இலையுதிர் காலத்திலும் மார்ச் இறுதிப் பூக்காலத்திலும் இங்கிருந்து செல்பவர்களுக்கு அந்தச் சிக்கல் வரும். அப்போது ஒசாகாவுக்குப் பின்வாங்குவதற்கு முன் கிழக்குப் பக்கம் பாருங்கள். யமாஷினா, கியோட்டோவிலிருந்து ஜேஆர் வண்டியில் ஒரே நிறுத்தம், ஐந்து நிமிடம். அதற்கு அடுத்த நிறுத்தம் பிவா ஏரிக்கரையிலுள்ள ஓட்சு, பத்து நிமிடத்துக்குள். ஓட்சு வேறு மாவட்டம் என்பதால் கியோட்டோவின் வரியும் கிடையாது. ஒசாகாவில் தங்குவதைவிடத் தூரமும் செலவும் குறைவு, ஏழு மணிக்கு இனாரியில் நிற்கவும் முடியும்.

ஒசாகாவை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவதாக இருந்தால் கடைசி இரவு நம்பாவில் தங்குங்கள். நன்காய் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் விமான நிலையம். தெற்கே ஷின் இமாமியா நிலையத்தைச் சுற்றி மிக மலிவான விடுதிகள் தென்படும். தினக்கூலித் தொழிலாளர்கள் தங்கிய பழைய விடுதிகள் பல இப்போது பயணிகளுக்கானவையாக மாறியிருக்கின்றன. இளைஞர்களுக்கு நல்ல இடம், ரயில் வசதியும் அபாரம். ஆனால் பல விடுதிகளில் அறை மிகச் சிறியது, கழிப்பறையும் குளியலும் பொது. உங்கள் குடும்பத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

நல்லூர்வாசி:

சைவ உணவு என்று சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்காய் ரயிலிலும் பிறகு கேபிள் காரிலுமாகச் செல்லும் கோயாசான் மலையில், பௌத்த மடங்களே பயணிகளைத் தங்க வைக்கின்றன. கூகாய் என்ற துறவி ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுவிய தலம் அது. மீன் சாறுகூட இல்லாத, வெங்காயமும் பூண்டும் சேர்க்காத முழுச் சைவ உணவை இரு வேளையும் அறைக்கோ கூடத்துக்கோ தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். எள்ளில் செய்த தோஃபுவும் உறையவைத்து உலர்த்திய தோஃபுவும் அங்கே சிறப்பு. விடியற்காலை வழிபாட்டிலும் கலந்துகொள்ளலாம்.

ஆனால் கட்டணம் ஆளுக்கு, இரண்டு வேளை உணவோடு சேர்த்து. நால்வருக்கு உங்கள் ஒரு இரவுக் கணக்கு இரட்டிப்பாகும். தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்க வேண்டும், பல மடங்களில் கழிப்பறை அறைக்கு வெளியே இருக்கும். கட்டில் உள்ள அறை இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை:

கோயாசான் என்ற பெயரைக் கேட்டதுமே மாமியாருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் தரையிலிருந்து எழுவது அவருக்கு முடியாது என்பதால் கட்டில் உள்ள அறைக்காக இரண்டு மடங்களுக்கு எழுதியிருக்கிறோம். கிடைத்தால் ஓர் இரவு, இல்லையென்றால் பகலில் போய்வருவது என்று வைத்திருக்கிறோம்.

மற்றவை ஏறத்தாழ முடிவாகிவிட்டன. டோக்கியோவில் அசாகுசாபாஷி அருகே, மின்தூக்கி உள்ள வாயிலிலிருந்து 250 மீட்டரில், அடுத்தடுத்த இரண்டு டுவின் அறைகள். இரண்டும் சேர்த்து வார நாட்களில் 23,000 யென், சனிக்கிழமை மட்டும் 29,000. ஷவர் மட்டும் உள்ள குளியலறை என்று விடுதி மின்னஞ்சலில் உறுதி செய்திருக்கிறது. கியோட்டோவில் கோஜோ அருகே சமையலறையோடு கூடிய அறை 27,000 என்று வருகிறது. எங்கள் அளவைத் தாண்டினாலும், காலை உணவையும் இரவு உணவையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அதையே எடுத்துவிட்டோம். எல்லாமே ரத்து செய்யக்கூடியவை.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் செல்லும்போது மூன்று பெரிய பெட்டிகளை என்ன செய்வது? விடுதியில் அறையைத் தருவது பிற்பகல் 3 மணிக்கு என்கிறார்கள். நாங்கள் நண்பகலிலேயே சேர்ந்துவிடுவோம்.

மலைக்கோட்டை:

அக்கா, பெட்டிகளை ரயிலில் தூக்க வேண்டாம். புறப்படுவதற்கு முந்தைய நாள் காலையில் டோக்கியோ விடுதியின் வரவேற்பில் கொடுத்து, கியோட்டோ விடுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். யமாத்தோ போன்ற நிறுவனங்கள் மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பெட்டி ஒன்றுக்கு அளவைப் பொறுத்து இரண்டாயிரம், மூன்றாயிரம் யென் ஆகும். படிவத்தில் கியோட்டோ விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், முன்பதிவு யார் பெயரில் உள்ளது, எந்தத் தேதியில் அங்கே சேருகிறீர்கள் என்பவற்றை எழுத வேண்டும். சமையலறை அடுக்ககங்கள் சிலவற்றில் வரவேற்பில் எந்நேரமும் ஆள் இருப்பதில்லை. பெட்டியை வாங்கி வைப்பார்களா என்று இன்றே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஓர் இரவுக்கு வேண்டிய உடைகளையும் மாமியாரின் மருந்துகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலிலேயே எடுத்துச் செல்வதாக இருந்தால், நீள அகல உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு, அவற்றை வைக்க இடமுள்ள கடைசி வரிசை இருக்கைகளை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நண்பகலில் சேர்ந்தாலும் கவலையில்லை. ஆளிருக்கும் விடுதிகளில் 3 மணிக்கு முன் அறை தர மாட்டார்கள் என்றாலும், கைப்பைகளைக் கட்டணமின்றி வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாமியார் உட்கார ஓய்விடம் இருக்கிறதா என்பதையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துக் கேளுங்கள்.